மஞ்சள் நீரும் ஒரு பாக்கிக் கேள்வியும்

அத்தியாயம் 17

‘சரி’ என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள். போனில் சொல்வது இன்னும் சுலபம். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஏகப்பன் அப்படித்தான் சொன்னான். பல்கலைக்கழக விடுதியில் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக. “சரி ஆத்தா. பெரியாத்தா என்னையப் பிள்ளை கூட்டிக்கிறட்டும். இதுல என்ன இருக்கு? பேருதானே மாறுது, ஆளு அதேதானே?”

அதற்குத் தேனம்மை ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவள்தானே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று வாசகிகள் பலர் என்னைப் பிடித்துத் திட்டியிருக்கிறீர்கள். திட்டுங்கள். நான் என்ன செய்ய? சில பொம்பளைகள் அப்படித்தான். ரொம்பக் களைத்துப் போனவர்களுக்குச் சண்டை போடத் தெம்பு வராது.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். தேனம்மையின் கணவர் லட்சுமணன், காரைக்குடி செக்காலையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவருடைய அண்ணன் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. அண்ணன் மனைவி பெத்தாச்சி, நாச்சியாபுரத்துப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். வருஷத் திதியன்று, எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்புகிற நேரத்தில், அவர் தேனம்மையின் கையைப் பிடித்துக் கேட்டார்.

“தேனு, உன் சின்னவன எனக்குப் பிள்ளை கூட்டிக்கிறவா? நான் போனா எனக்கு ஒரு வாய் தண்ணி விட ஆளில்லடி.”

நகரத்தார் வீடுகளில் இது புதுசில்லை. பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். கைக்குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மீசை வைத்த பிள்ளையாகவும் இருக்கலாம். கோயிலிலிருந்து மாலை வரும். பங்காளிகள் கூடுவார்கள். பிள்ளை மஞ்சள் நீர் குடிக்கும். குடித்து முடித்த நிமிஷத்திலிருந்து எடுத்தவள் ஆத்தா, பெற்றவள் சின்னாத்தா. அப்பச்சி என்று இத்தனை நாள் கூப்பிட்ட தகப்பன் சித்தப்பச்சி.

ஒற்றைப் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். மூத்த பிள்ளையையும் கொடுக்க மாட்டார்கள். தேனம்மைக்கு இரண்டு பேர், மூத்தவன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். மாட்டேன் என்று சொல்ல அவளிடம் ஊர் ஒப்புக்கொள்கிற காரணம் எதுவும் இல்லை.

“அண்ணன் வீடு இருட்டாக் கெடக்கக் கூடாது” என்றார் லட்சுமணன். அதோடு அவர் பேச்சும் நின்றுபோனது. அன்றைக்கு நின்றதுதான்.

இன்றைக்கு முகூர்த்தம்.

*

விடிந்த பிறகுதான் ஏகப்பன் நாச்சியாபுரத்தில் வந்து இறங்கினான். ரயிலில் படுக்கை கிடைக்காமல், கதவோரம் பையின் மேல் உட்கார்ந்தே வந்தவன். கண்கள் உள்ளே போயிருந்தன. சட்டையில் யாருடைய ஊறுகாயோ கொட்டியிருந்தது.

பெரிய வீட்டின் முகப்பில் ஒரு தூணோரமாக லட்சுமணன் உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்து எழுந்தார். பையை வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு வந்து, உள்முற்றமான வளவின் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பித் தூணுக்கே போய்விட்டார்.

“அப்பச்சிக்கு மேலுக்கு முடியலையா?” என்றான் ஏகப்பன்.

“நல்லாத்தான் இருக்காக” என்றாள் தேனம்மை. “நீ சாப்புட்டியா?”

“குளிச்சிட்டு மேல போறேன் ஆத்தா. வைவாவ இன்னைக்கே வச்சுட்டாக.”

“என்னத்த வச்சுட்டாக?”

“வாய்மொழித் தேர்வு. கம்ப்யூட்டர்லயே கேள்வி கேப்பாக. நான் எழுதின ஆய்வுக் கட்டுரை இருக்குல்ல, அதுலருந்து.”

“இன்னைக்கா? வேற நாளு கெடைக்கலையா அவுகளுக்கு?”

“வெளியூர்லருந்து கேக்குற மேடத்துக்கு இன்னைக்குத்தான் தோதாம். அரை மணி நேரந்தான் ஆத்தா. கோயில் மாலை வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.”

தேனம்மை இட்லித் தட்டை அவன் கையில் திணித்தாள். அவளும் சரியாகத் தூங்கி நாளாயிற்று. பூட்டிக் கிடந்த கட்டுகளைத் திறந்து, வளவைக் கழுவிவிட்டு, சமையல்காரர்களுக்குச் சாமான் எடுத்துக்கொடுத்து, தன் பிள்ளையைக் கொடுக்கிற விசேஷத்துக்குத் தானே முன்னால் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யார் பார்ப்பார்கள்? பெத்தாச்சிக்கு முழங்கால் மடங்காது. வந்த சொந்தமெல்லாம் காபி எங்கே என்று கேட்கிற சொந்தம்.

“தம்பி, சட்டினி வச்சுக்க” என்றாள்.

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏகப்பன் என்பது அவளைப் பெற்ற அப்பச்சியின் பெயர். பிறந்த நாளிலிருந்து தம்பிதான்.

*

ஏகப்பன் படிப்பது எம்.ஏ. தத்துவம். அதிலும் நவீன ஐரோப்பியத் தத்துவம். அதைப் படித்து என்ன ஆகப்போகிறான் என்று செக்காலையில் கேட்காத ஆள் பாக்கி இல்லை. கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். லட்சுமணன் ஆணியை நிறுத்துக் கொடுத்து அனுப்பினார்.

நானும் அந்தப் படிப்பைப் பற்றி அவனிடம் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொன்னது எனக்கு விளங்கிய மட்டும் இதுதான். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உடம்பு மாறிவிடுகிறது, புத்தி மாறிவிடுகிறது. பின்னே எது மாறவில்லை? ஞாபகம்தான் ஆள் என்று ஓர் இங்கிலீஷ்காரர் சொன்னாராம். எனக்குள்ளே எட்டிப் பார்த்தேன், அங்கே நினைப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ‘நான்’ என்று ஒருத்தரையும் காணோமே என்றாராம் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அந்த நினைப்புகளையெல்லாம் சேர்த்துக் கட்ட ஒரு ‘நான்’ இருந்தே தீர வேண்டும் என்று ஒரு ஜெர்மன்காரர் வந்து முடிச்சுப் போட்டாராம். இருநூறு முந்நூறு வருஷமாக இந்தச் சண்டை தீரவில்லை. படிக்கிற பிள்ளைக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

ஏகப்பன் இங்கிலீஷ்காரர் கட்சி. கட்டுரையில் உதாரணத்துக்கு அவன் எடுத்துக்கொண்டது ஒரு செட்டிநாட்டு வீடு. கதவு போயிற்று, தூண் போயிற்று, கண்ணாடி போயிற்று, ஒவ்வொன்றாகப் பழம்பொருள் கடைக்குப் போயிற்று. அப்போதும் அது அதே வீடா? அதே வீடுதான், உள்ளே இருப்பவருக்கு அதன் ஞாபகம் இருக்கிற வரை என்று எழுதியிருந்தான். வழிகாட்டிப் பேராசிரியர் உதயகுமார் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘நன்று’ என்று போட்டிருந்தார்.

இந்தத் தெம்பில்தான் போனில் அந்தச் ‘சரி’யைச் சொன்னது. ஞாபகம்தானே ஆள்? மஞ்சள் தண்ணீர் ஞாபகத்தை என்ன செய்துவிடும்?

*

நாச்சியாபுரத்து வீட்டில் நெட் சிக்னல் கிடைப்பது மேல்மாடி ஜன்னலோரம் மட்டும்தான். பழைய பெட்டகத்தின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே பேசினான். திரையில் உதயகுமார் ஒரு கட்டத்தில், வெளித்தேர்வாளர் சந்திரலேகா இன்னொரு கட்டத்தில். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. நம் சௌகரியத்துக்குத் தமிழில் சொல்கிறேன்.

முதல் கேள்விகளெல்லாம் வழக்கமானவை. ஏகப்பன் மளமளவென்று பதில் சொன்னான். சந்திரலேகா தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். கடுமையானவர் இல்லை. தொண்டை கட்டியிருந்தது போலிருக்கிறது, அடிக்கடி வெந்நீர் குடித்தார்.

“இந்த வீடு உதாரணம் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார். “அதுல ஒரு சந்தேகம். உள்ளே இருக்கிறவர் இது அதே வீடுன்னு ஞாபகம் வச்சிருக்கார். சரி. தெருவுல நிக்கிறவங்க, சொந்தக்காரங்க, ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்து ‘இது வேற வீடு’ன்னு சொல்லிட்டா?”

“அவங்க சொல்றதால வீடு மாறாது மேடம்.”

“யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறதில்லை. பழைய உறவு சொல்லி உள்ளே வர்றதில்லை. அப்பவும்?”

“உள்ளே இருக்கிறவருக்குத் தெரியுமே.”

“அவருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? உங்க கட்டுரை முழுக்க ஒரே ஆள்தான் இருக்கான். தன் ஞாபகத்தைத் தானே எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான். அவனைக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. கூப்பிட ஆளில்லாம ‘நான்’னு ஒண்ணு எப்படி முளைச்சது?”

ஏகப்பன் வாயைத் திறந்தான். படித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது, வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே மேளக்காரர்கள் ஆரம்பித்தார்கள். நாயனம் ஜன்னல் வழியாக நேரே லேப்டாப்புக்குள் போயிற்று. உதயகுமார் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

“வீட்டுல விசேஷமா?” என்றார் சந்திரலேகா.

“ஆமா மேடம்.”

“கல்யாணமா?”

“இல்லை மேடம். என்னைத்தான்… என் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. என்னை அவங்களுக்குப் பிள்ளையாக் கொடுக்கிறாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல.”

திரை அப்படியே நின்றுபோனது போலிருந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று ஏகப்பன் நினைத்தான். சந்திரலேகா வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்ததும்தான் போகவில்லை என்று தெரிந்தது.

“தெரியாமக் கேட்டுட்டேன்ப்பா” என்றார், இந்த முறை தமிழில். “நீங்க கீழே போங்க. கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம என்னால கையெழுத்துப் போட முடியாது. வெள்ளிக்கிழமை ஒரு பத்து நிமிஷம் பேசுவோம். பாக்கி அந்த ஒண்ணுதான்.”

*

சமையல்கட்டுக்குப் போகிற நடையில் தேனம்மை வாழை இலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாலை வந்துவிட்டது. வளவில் ஜமுக்காளம் விரித்துப் பங்காளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். கோயில் மாலையைத் தாம்பாளத்தில் வைத்து மேலே துண்டு போர்த்தியிருந்தது.

ஏகப்பன் வேட்டியும் துண்டுமாக வந்து அவள் முன்னால் நின்றான்.

“ஆத்தா, வேணாம்னு சொல்லிறவா?”

இலையைப் பிரித்த கை நின்றது.

“என்னத்த?”

“இதத்தான். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. பெரியாத்தாவ நான் பாத்துக்கிறேன். கடைசி வரைக்கும் பாக்குறேன். கொள்ளியும் நானே வைக்கிறேன். மாலை, மஞ்சத் தண்ணி இதெல்லாம் எதுக்கு?”

தேனம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வந்தது அவளுக்கு. இத்தனை நாள் வராத கோபம். கூடவே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்றுக்கும் அவளிடம் தெம்பில்லை.

“இப்பச் சொல்றியா தம்பி? மாலை வந்து உக்காந்திருக்கு. ஊரே வந்து உக்காந்திருக்கு.”

“நீ அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“நான் சொல்லியிருக்கலாமா?” குரல் எழும்பியது. சமையல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவள் குரலை இறக்கினாள். “சொல்லத்தான் போனை எடுத்தேன். குடுக்க மாட்டேன், என்ன வேணாப் பேசிக்கிறட்டும்னு சொல்லத்தான் எடுத்தேன். அதுக்குள்ள நீ சரின்னுட்ட. ஒண்ணுமே மாறாது ஆத்தான்னு சொன்ன. ஆளு அதே ஆளுதான், நான் இதத்தான் படிக்கிறேன்னு சொன்ன. சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“படிச்ச பிள்ளை சொல்றானேன்னு நம்புனேன். அன்னைலருந்து அதையேதான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். வீட்டக் கழுவும்போது சொன்னேன். அரிசி அளக்கும்போது சொன்னேன். ஒண்ணும் மாறாது, ஒண்ணும் மாறாதுன்னு. அந்த ஒரு சொல்லுலதான் எந்திரிச்சு நடமாடுறேன். இப்ப வந்து என்னமோ மாதிரி இருக்குன்னா நான் எங்குட்டுப் போக?”

படிப்பு கொடுத்த தெம்பு மட்டும் இல்லை. அவள் கொடுக்க ஆசைப்படுகிறாள், தான் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைத்தும்தான் ஏகப்பன் அன்றைக்குச் சரி என்றது. அவன் சரி என்றதால்தான் அவள் பேசாமல் இருந்தது. ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் இங்கே வந்து நிற்கிறார்கள்.

“மாறாதுதானே தம்பி?” என்றாள் தேனம்மை. “நெசமாத்தானே சொன்ன?”

இந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் எனக்கு எழுதுவீர்கள். தெரியவில்லை ஆத்தா, இன்னைக்குக் காலையில் ஒரு அம்மா கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

“மாறாது ஆத்தா” என்றான்.

“அப்ப வா. நேரமாச்சு.” முந்தானையால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். “துண்ட இடுப்புல கட்டு. பெரியவுக இருக்காக.”

*

மூத்த பங்காளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லட்சுமணனைப் பார்த்தார்.

“மனசோட குடுக்குறீகளா?”

லட்சுமணன் தலையசைத்தார்.

“தலைய ஆட்டுனா ஆகாதப்பா. வாயத் தொறந்து சொல்லணும். நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்ல?”

லட்சுமணனின் உதடு அசைந்தது. கனைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். “குடுத்துட்டோம்” என்றார்.

பெத்தாச்சி வெள்ளைச் சேலையில் பலகை மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மடங்காததால் காலை நீட்டி வைத்திருந்தார், அதற்காக எல்லோரிடமும் சங்கடப்பட்டுக்கொண்டார். தேனம்மை மகன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பெத்தாச்சியின் கையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கையை எடுக்கவில்லை.

“தேனு” என்றார் பெத்தாச்சி மெதுவாக.

அப்புறம்தான் எடுத்தாள்.

வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் நீர் வந்தது. பெத்தாச்சி காலை நீட்டியபடியே எட்டிக் கொடுத்ததில், பாதி அவன் மார்பிலேயே சிந்தியது. மிச்சத்தைக் குடித்தான். வாயெல்லாம் பச்சை மஞ்சள் வாடை. சங்கு ஊதினார்கள். கோயில் மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டார்கள். மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

“இன்னைலருந்து நீ இந்த வீட்டுப் பிள்ளை” என்றார் மூத்த பங்காளி. “இன்னைக்கு ராத்திரி இங்கனதான் படுக்கணும். விடியிற வரைக்கும் வாசலத் தாண்டி வெளிய போகப்படாது. விழுந்து கும்புடுப்பா. உங்க ஆத்தாவக் கும்புடு.”

அவன் விழுந்து கும்பிட்டான். எழுந்து பார்த்தபோது தேனம்மை அந்த இடத்தில் இல்லை. இலை போடப் போய்விட்டாள்.

*

பந்தியில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட முடியாது.

ஏகப்பனை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மூத்த பங்காளி, எதிர்ப்பந்தியில் லட்சுமணன். காலையில் தின்ற அரை இட்லியோடு இருந்தவனுக்குச் சோறு தொண்டையில் சிக்கி விக்கல் எடுத்தது. தலையைத் தூக்காமல், இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தில், கேட்டான்.

“ஆத்தா, தண்ணி.”

தேனம்மை செம்போடு பக்கத்தில்தான் நின்றாள். குனிந்துவிட்டாள். செம்பின் வாய் டம்ளரைத் தொட்டுவிட்டது. அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. பந்தியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“உங்க ஆத்தா அங்குட்டு இருக்காக” என்றாள். “இரு, சொல்றேன்.”

“சரியாச் சொன்னீக ஆச்சி” என்று மூத்த பங்காளி சிரித்தார். கெட்டவர் இல்லை. சூழலைக் கலகலப்பாக்குவதாக நினைத்துச் சிரித்தார். வேறு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஏகப்பனுக்கு விக்கல் நின்றுவிட்டது. ஒன்றும் மாறாது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்ன அதே வாய். அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெத்தாச்சி தூணைப் பிடித்துப் பிடித்து வந்து, தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார். அதற்குள் எதிர்ப்பந்தியில் லட்சுமணன் தயிர்ச் சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி எழுந்துவிட்டார். கை கழுவினார். முகப்புப் பக்கம் போனார். அவர் அப்படித்தான், கூட்டம் ஆகாது என்று சொல்லிக்கொண்டார்கள்.

*

சாயங்காலம் வீடு காலியாயிற்று. தேனம்மை பாத்திரங்களை எண்ணி அடுக்கி, மிச்சச் சோற்றைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து, சொந்தக்காரர் காரில் செக்காலைக்குப் போய்விட்டாள். போகும்போது ஏகப்பன் மேல்மாடியில் இருந்தான். சொல்லிக்கொள்ளவில்லை.

பெத்தாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே சுவரில், அவர் கணவரின் படம். இன்றைக்குப் புது மாலை போட்டிருந்தது.

“பரீட்சை என்னாச்சுப்பா?”

“ஒரு கேள்வி பாக்கி பெரியாத்…” நிறுத்தினான்.

“வாய்க்கு வர்றபடி கூப்புடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்” என்றார். நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது. “என்ன கேள்வியாம்?”

வீட்டுக் கதையைச் சொன்னான். கதவு போனது, தூண் போனது, ஊர் வேறு வீடு என்று சொன்னது. பெத்தாச்சி முழுக்கக் கேட்டார். கொட்டாவி விட்டார்.

“எனக்கு ஒண்ணும் வெளங்கலப்பா. நாளெல்லாம் உக்காந்திருந்ததுல இடுப்பு விட்டுப்போச்சு. நீ சாமர்த்தியமாச் சொல்லிருவ.”

அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு பேர். ஏகப்பனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வருஷமாக இவர் இங்கே இப்படித் தனியாக உட்கார்ந்துதான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏகப்பனின் போன் அடித்தது. அது நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் கிடந்தது. திரையில் வந்த பெயர் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

ஆத்தா.

பெத்தாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எடுப்பா” என்றார்.

எடுத்துக் காதில் வைத்தான்.

“தம்பி, நான் சின்னாத்தா பேசுறேன்.”

ஏகப்பன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“தம்பி, இருக்கியா?”

“இருக்கேன்.”

“அவுக அங்குட்டு வந்தாகளா?”

“யாரு?”

தேனம்மை தடுமாறினாள். எந்தச் சொல்லைச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறினாள். “அதான், பந்தியில பாதியில எந்திரிச்சுப் போனாகள்ல. இன்னும் வீட்டுக்கு வரல. கடைக்கு ஆள் அனுப்பிப் பாத்தேன், பூட்டிக் கெடக்கு. போனு நாச்சியாபுரத்து முகப்புலயே கெடந்துச்சு, நான்தான் எடுத்தாந்தேன். ஒரு மாதிரி இருந்தாக காலையிலருந்து. எனக்குப் பயமா இருக்கு தம்பி.”

“அப்பச்சியவா காணோம்?”

அவள் திருத்துவாள் என்று எதிர்பார்த்தான். திருத்தவில்லை. அழ ஆரம்பித்திருந்தாள்.

“யாரக் காணோம்ப்பா?” என்றார் பெத்தாச்சி.

“அப்பச்சிய” என்றான்.

பெத்தாச்சியின் பார்வை சட்டென்று சுவரிலிருந்த படத்துக்குப் போயிற்று. இன்றிலிருந்து இவனுக்கு அப்பச்சி அவர்தான். பார்த்துவிட்டுத் திரும்பினார். ஏகப்பன் ஏற்கெனவே ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தான். வாசல் நிலையருகே போய், மூத்த பங்காளி சொன்னது நினைவுக்கு வந்து, நின்றான்.

பெத்தாச்சி தைலப் பாட்டிலை மூடினார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். நேராக நிற்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நீ தனியாத் தாண்டுனாத்தான் குத்தம்” என்றார். “வீட்டுச் சாவிய எடு. நானும் வாரேன். நீ பெத்த அப்பனத் தேடப் போகாட்டி, நாளைக்கு எனக்கு மட்டும் எப்படிப் பிள்ளையா இருப்ப?”

ஆட்டோவுக்குப் போன் போடலாம் என்று ஏகப்பன் திரையைத் தொட்டான். ஆத்தா இன்னும் இணைப்பில்தான் இருந்தாள்.